“சொன்னபடிதான் குடிச்சனான், பிள்ளை”

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாடசாலைப் பிரதான மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, “பெண்களின் சுகாதாரம் பற்றி அரை மணித்தியாலம் கதையுமன்” என்று கேட்டபோது, மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசலாமா, எலும்புத் தேய்வு பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். இரண்டும் முக்கியமானவைதான். ஆனால் இந்த மண்டபத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் கைப்பையை இப்போது திறந்தால், பெரும்பாலானோரின் பையில் ஒரு குளிசை அட்டையாவது இருக்கும். இன்னும் இளையவர்களாக இருந்தால், அம்மாவுக்கோ மாமிக்கோ யாரோ தந்துவிட்ட மருந்துத் துண்டு இருக்கும். ஆகவே அந்தக் குளிசைகளைப் பற்றியே பேசுவோம் என்று முடிவெடுத்தேன். செயலாளர் அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “மருந்தைச் சொன்னபடி குடிக்க வேண்டும், அவ்வளவுதானே, அதில் அரை மணித்தியாலம் கதைக்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பாடசாலை அல்ல. ஆனால் நீங்கள் எல்லோரும் அறிந்த வகை ஆசிரியை. கொப்பிக்கு உறை போடாமல் வந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வகை. பல வருடங்களாகச் சீனி வருத்தம். மாதா மாதம் கிளினிக்குக்குப் போவார், தந்த மருந்தை நேரத்துக்குக் குடிப்பார். ஒரு வருடம் மகளிடம் ரொறன்ரோவுக்குப் போய் ஆறு மாதம் நின்றார். அங்கே ஒரு டொக்டரிடம் காட்டினார்கள். அவரும் பார்த்து மருந்து எழுதினார். திரும்பி வரும்போது மூன்று மாதத்துக்குப் போதுமான குளிசைகளை மகள் பெட்டியில் வைத்து அனுப்பினார். ஊருக்கு வந்ததும் அம்மா வழமைபோலக் கிளினிக்குக்கும் போனார். அவர்கள் கொப்பியில் இருந்தபடி மருந்து கொடுத்தார்கள்.

கிளினிக் தந்த உறையில் கிளிபென்கிளமைட், 5 மில்லிகிராம் என்று இருந்தது. ரொறன்ரோப் போத்தலில் கிளைபியுறைட், 5 மில்லிகிராம். இரண்டு பெயர், இரண்டு மருந்து என்று நினைத்து, இரண்டையும் காலையும் மாலையும் குடித்தார். அவை இரண்டும் ஒரே மருந்து. நாங்களும் பிரித்தானியரும் கிளிபென்கிளமைட் என்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்குக் கிளைபியுறைட் என்று பெயர்.

ஒரு விடியற்காலை வலது கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறி, வியர்த்து நனைந்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பாரிசவாதம் என்று வீட்டார் அழுதுகொண்டு வந்தார்கள். குருதியில் சீனி 28. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிச் சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்து, “இது எந்த வார்ட்?” என்று கேட்டார். வீட்டாருக்குப் பெரிய சந்தோசம், உடனே கூட்டிக்கொண்டு போகலாமா என்றார்கள். ஆனால் இந்த மருந்து அப்படி விடாது. வயது போனவர்களில், சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களில், இது உடலில் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும். இரண்டு மணித்தியாலத்தில் சீனி திரும்பவும் இறங்கியது. இரண்டு நாள் சேலைன் போத்தலோடு வைத்திருந்துதான் அனுப்பினோம். இப்படிச் சீனி இறங்கி, யாரும் கவனிக்காமல் தனி வீட்டில் கிடந்து, மூளை பாதிக்கப்பட்டவர்களும் இறந்தவர்களும் உண்டு. இவருக்கு அன்று பக்கத்து வீட்டுப் பெண் பால் கொண்டுவந்தபடியால் தப்பினார்.

அவர் மருந்துப் பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அவர் கேட்டார்: “நான் என்ன பிழை விட்டனான்? சொன்னபடிதான் குடிச்சனான், பிள்ளை.”

உண்மைதான். ரொறன்ரோ டொக்டர் சொன்னபடியும் குடித்தார், கிளினிக் டொக்டர் சொன்னபடியும் குடித்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. அந்த இரண்டையும் ஒரே கடதாசியில் பார்த்தவர் எவரும் இல்லை. செயலாளர் அக்கா, “அவ்வளவுதானே” என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

எங்கள் இரசாயனவியல் ஆசிரியை ஆய்வுகூடத்தில் ஒரு விதி வைத்திருந்தார். லேபல் இல்லாத போத்தலை எவரும் தொடக்கூடாது. அதில் இருப்பது தண்ணீர் என்று சத்தியம் செய்தாலும் தொடக்கூடாது. அதைக் கேட்டு வளர்ந்த நாங்களே இன்று கிளினிக்கில் வந்து இருந்துகொண்டு, “என்ன மருந்து குடிக்கிறீங்கள் அம்மா?” என்று கேட்டால், “சின்ன வெள்ளைக் குளிசை ஒண்டு, பெரிய வெள்ளைக் குளிசை ரெண்டு, பிறகு இரவிலை ஒரு றோஸ்” என்கிறோம். மெற்போமின் வெள்ளை. பல கம்பனிகளின் அற்றோவாஸ்ரற்றினும் வெள்ளை, அம்லோடிபினும் வெள்ளை, பனடோலும் வெள்ளை. அரச ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கேள்வி மனுக்கோரி வாங்கப்படுகிறது. இம்முறை ஒரு நாட்டுக் கம்பனி, அடுத்தமுறை வேறொன்று. போன மாதம் வட்டமாக இருந்தது இந்த மாதம் நீளமாக வரும். மருந்து மாறவில்லை, உருவந்தான் மாறியிருக்கிறது. ஆனால் நிறத்தை நம்புகிறவருக்கு அது புது மருந்து. வீட்டில் மிச்சம் இருந்த பழையதையும் சேர்த்துக் குடிப்பார். அல்லது, “இது என்ரை மருந்தில்லை” என்று இரண்டையும் விட்டுவிடுவார்.

நிறத்தை நம்புவதன் ஆபத்தை வார்பரின் காட்டும் அளவுக்கு வேறு மருந்து காட்டாது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து அது. இருதய வால்வு மாற்றியவர்கள், காலில் குருதிக் கட்டி வந்தவர்கள், இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் குடிக்கிறார்கள். குறைந்தால் பாரிசவாதம் வரலாம். கூடினால் மூளைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ இரத்தம் கசியலாம். இடையில் உள்ள வரம்பு மிகவும் ஒடுங்கியது. அதனால்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து செய்து அளவை மாற்றுகிறோம். பிழை விடாமல் இருப்பதற்காகவே உற்பத்தியாளர்கள் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம் வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் இங்கிலாந்தில் றோஸ் நிறம் என்றால் 5 மில்லிகிராம். கனடாவிலும் அமெரிக்காவிலும் றோஸ் நிறம் என்றால் 1 மில்லிகிராம். நீலம் இங்கிலாந்தில் 3, கனடாவிலும் அமெரிக்காவிலும் 4. ஒரு மகள் லண்டனிலும் ஒரு மகள் ரொறன்ரோவிலும் இருக்கும் தாய்க்கு, “அம்மா, அந்த றோஸ் குளிசையிலை ஒண்டைப் போடுங்கோ” என்று தொலைபேசியில் சொல்வது எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள்.

வார்பரின் குடிக்கும் இளம் பெண்களும் இருக்கிறார்கள், சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே டொக்டரிடம் கதைக்க வேண்டும். இந்த மருந்து கருவைப் பாதிக்கும். அதற்காகத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது, வால்வில் கட்டி பிடித்துவிடும். பிறஷருக்குக் குடிக்கும் எனலப்பிரில், லொசாட்டன் இரண்டும் கர்ப்பத்தில் கூடாதவை. இதை மாமிமாரும் கேட்டுக்கொள்ளுங்கள். “எனக்கும் உதுதான் தந்தவை, பிறஷருக்கு நல்லம்” என்று மருமகளுக்குக் குளிசை கொடுக்கும் மாமிமாரை நான் கண்டிருக்கிறேன். அன்பினால்தான் கொடுக்கிறார்கள்.

இனிப் பெயருக்கு வருகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சொந்தப் பெயர் உண்டு. அது வேதிப்பொருளின் பெயர். அதற்கு மேலே கம்பனி வைத்த வணிகப் பெயர் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வணிகப் பெயர். கீழே சிறிய எழுத்தில் சொந்தப் பெயர். நாங்கள் அறியவேண்டியது அந்தச் சிறிய எழுத்தை.

இதில் இலங்கையர் பெருமைப்பட ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் நாட்டின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971 இல் ஓர் அறிக்கை எழுதினார். மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் சொந்தப் பெயரில் வாங்க வேண்டும், எழுத வேண்டும் என்பது அதன் மையம். அதே வருடம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, அவர் அதன் முதல் தலைவரானார். பெரிய கம்பனிகளுக்கு இது பிடிக்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1977 இல் கயானாவில், ஐக்கிய நாடுகள் சபைப் பணியில் இருந்தபோது அவர் காலமானார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். இலவச மருத்துவம் நிலைத்ததற்கு அந்தக் கொள்கை எவ்வளவு உதவியது என்று. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஒரு நோயாளி தன் மருந்தை அதன் சொந்தப் பெயரில் அறியும் வாய்ப்பு இதனால் கிடைத்தது என்பதுதான். கிளினிக் உறையில் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். எழுத்து விளங்கவில்லை என்றால் அந்த யன்னலடியிலேயே நின்று மருந்தாளரிடம் வாசித்துக் கேளுங்கள். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

சொந்தப் பெயரும் நாட்டுக்கு நாடு சில இடங்களில் மாறும் என்பதற்குக் கிளிபென்கிளமைட் ஓர் உதாரணம். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, எங்கள் பரசிற்றமோல். வட அமெரிக்காவில் அதற்கு அசற்றமினோபென் என்று பெயர். அங்கே ரைலனோல், இங்கே பனடோல். வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் குடிக்கக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பனடோலும், மகன் கொண்டுவந்த ரைலனோலும், தடிமனுக்கு வாங்கிய இன்னொரு குளிசையும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவது எளிது. தடிமன் மருந்துகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது. இதோடு ஒன்று, டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபினக், ஐபுபுறோபன், அஸ்பிரின் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஏற்கெனவே இருதயத்துக்கு அஸ்பிரின் குடிப்பவர்கள் காய்ச்சல் வந்தவுடனேயே டொக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது மெதோட்ரெக்சேற். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் கொடுக்கிறோம். அருமையான மருந்து, விரல்கள் கோணாமல் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இதைக் கிழமையில் ஒரே ஒரு நாள்தான் குடிக்க வேண்டும். நாளாந்தம் குடித்தால் எலும்பு மச்சை படுத்துவிடும், வாய் புண்ணாகும், கிருமித் தொற்றுப் பிடித்து உயிர் போகும். உலகம் முழுவதிலும் இந்தப் பிழை நடந்திருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரிகளிலும் நடந்திருக்கிறது. காரணம் எளியது. வீட்டில் உள்ள மற்ற எல்லாக் குளிசையும் தினமும் குடிப்பவை. இது மட்டும் இல்லை. அதோடு கொடுக்கும் போலிக் அமிலமும் இதுவும் இரண்டுமே சிறிய மஞ்சள் குளிசையாக வருவதுண்டு. ஆகவே “கிழமைக்கு ஒருக்கா” என்று எழுதினால் போதாது. “புதன்கிழமை மட்டும்” என்று நாளின் பெயரை எழுதுவியுங்கள். 2.5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் குளிசை இருப்பதால், எத்தனை குளிசை என்பதோடு எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதுவியுங்கள். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாமல் கண்டல் ஏதாவது வந்தால் அடுத்த கிளினிக் தவணைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

தைரொக்சின் பற்றிச் சுருக்கமாக. பெண்கள் கூடும் இடமென்றால் தைரொக்சின் குடிக்கும் பத்துப் பேராவது இருப்பார்கள். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு குடிக்க வேண்டும். அதன்பின் அரை மணித்தியாலமாவது போன பிறகுதான் பால் தேத்தண்ணி. கல்சியம், இரும்புக் குளிசைகளை அதிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். இல்லையென்றால் மருந்து உடலில் சேராது, நாங்களும் காரணம் தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டு போவோம். வெளிநாட்டுப் போத்தலில் 0.1 மில்லிகிராம் என்று இருந்தால் அது 100 மைக்கிரோகிராம். தசமப் புள்ளியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்சுலினில் ஓர் எச்சரிக்கை. வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போய் வருபவர்கள் பலர். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு கொண்ட இன்சுலின் போத்தல்கள் கடைகளில் தாராளமாக உண்டு. வேறு பல நாடுகளில் 100 அலகு. ஊசியும் அதற்கேற்ப வேறு. 100 அலகுப் போத்தலில் இருந்து, 40 அலகு ஊசியால் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 20 அல்ல, 50 அலகு. போத்தலையும் ஊசியையும் சோடி மாற்றாதீர்கள்.

விரதத்தைப் பற்றிக் கதைக்காமல் போனால் நான் இந்த ஊர்ப் பெண் இல்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருப்பவர்கள், நல்லூர்க் கொடி ஏறினால் ஒரு நேரம் சாப்பிடுபவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள், நோன்பு பிடிக்கும் எங்கள் முஸ்லிம் தோழியர் எல்லோரும் இங்கே படித்தவர்கள்தான். விரதம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்குத் தெரியாமல் பிடிப்பார்கள். அதுதான் கூடுதல் ஆபத்து. சீனிக்கு இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ பாவிப்பவர்கள், விரதத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அளவைக் குறைக்கலாம், சிலருக்கு நேரத்தை மாற்றலாம், சிலருக்கு உண்மையாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். சாப்பாடு இல்லாமல் வழமையான அளவைப் போடுவதும் பிழை, “விரதந்தானே” என்று எல்லா மருந்தையும் ஆறு நாள் நிறுத்துவதும் பிழை. கை நடுங்கி, வியர்த்து, தலை இலேசாகினால் அந்த நேரமே சீனி கரைத்துக் குடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

மருந்தை இடையில் விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். “பிறஷர் இறங்கிட்டுது, அதாலை நிப்பாட்டினனான்” என்பது நான் கிழமைக்குக் கிழமை கேட்கும் வசனம். குளிசையால்தான் அது இறங்கியது. ஒருநேரக் குளிசை தவறினால், நினைவு வந்தவுடன் குடிக்கலாமா, அடுத்த நேரத்துக்கு விடலாமா என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். முதலிலேயே கேட்டு வையுங்கள். ஆனால் அடுத்த முறை இரண்டாகச் சேர்த்துக் குடிப்பது எந்த மருந்துக்கும் நீங்களாக எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது. முட்டு வருத்தத்துக்கோ மூட்டுக்கோ பிரெட்னிசலோன் கிழமைக் கணக்கில் குடித்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஹோர்மோனை அந்தக் காலத்தில் சுரக்க மறந்திருக்கும். படிப்படியாகக் குறைத்தால்தான் திரும்ப நினைவுக்கு வரும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கும், இந்த மலரை அங்கிருந்து வாசிக்கப் போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். 2022 இல் இந்த நாட்டில் மருந்து இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். எழுதிக் கொடுக்கவே மனம் வராது, எழுதினாலும் கடையில் இல்லை. அன்று நீங்கள் பெட்டி பெட்டியாக அனுப்பிய மருந்துகள் உயிர்களைக் காப்பாற்றின. வார்ட்டில் நின்று அவற்றைப் பிரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு நன்றி சொல்லி முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் தொடங்கிய பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மாவின் மருந்தை மகள் அங்கே வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடுகிறார். அம்மாவோ கிளினிக்கையும் விடமாட்டார். எங்கள் ஊரில் கொப்பி வெட்டுப்படுவது என்றால் பங்கீட்டு அட்டை வெட்டுப்படுவது மாதிரி. “அங்கத்தையான் மருந்து திறம்” என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஆக வீட்டில் இரண்டு கடை நடக்கிறது. அனுப்புவதென்றால் அனுப்புங்கள், அந்தப் போத்தலை அம்மா கிளினிக் டொக்டரிடம் காட்டிய பிறகு முதற் குளிசையைக் குடிக்கட்டும். மகளுக்கு டொக்டரோடு கோபம் வந்தாலும் பரவாயில்லை.

தொலைபேசியில் நீங்கள் கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். “மருந்து குடிச்சனீங்களோ அம்மா?” என்றால், “ஓம்” என்பார். அந்த அம்மாவும் ஒவ்வொரு நாளும் “ஓம்” என்றுதான் சொன்னார். “உறையை எடுத்துப் பெயரை வாசியுங்கோ” என்று கேளுங்கள். காணொளியில் காட்டச் சொல்லுங்கள். சீனி எவ்வளவு என்று கேட்கும்போது கவனம். இங்கே 126 என்போம், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் அதையே 7 என்பார்கள். எங்கள் எண்ணை 18 ஆல் பிரித்தால் உங்கள் எண் வரும். “அம்மாவுக்குச் சீனி 150 ஆம்” என்று நடுச்சாமத்தில் அழுது எழும்பிய ஒரு தோழி எனக்கு இருக்கிறாள். அவள் கணக்கில் அது 8 சொச்சம்.

இனி, வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டியது. ஒரு கொப்பியில் ஒரு பக்கம் எடுங்கள். மருந்தின் சொந்தப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதற்காக, யார் எப்போது தொடங்கினார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருந்தால் மேலே சிவப்பு மையில். கடையில் தாங்களாக வாங்கும் நோ மருந்தும், ஆயுர்வேதக் கசாயமும், கனடாவில் இருந்து வந்த விற்றமினும் அதே பக்கத்தில் வரவேண்டும். “உது மருந்தில்லைத்தானே” என்று விடக்கூடாது. நிறுத்திய மருந்தை அழிக்காமல் கோடு போட்டு வெட்டி, நிறுத்திய திகதியை எழுதுங்கள். அதைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு இடையில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். கண் மருத்துவர், பல் வைத்தியர், எங்கே போனாலும் முதலில் அந்தப் பக்கத்தை மேசையில் வையுங்கள். கதைக்கக் கிடைப்பது மூன்று நிமிடம். அந்தப் பக்கம் இருந்தால் மூன்று நிமிடம் போதும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறைப் பெண்கள் வைத்தியர் முன்னால் கேள்வி கேட்கத் தயங்குகிறோம். வகுப்பில் கை உயர்த்திக் கேட்டவர்கள்கூட, கிளினிக் கதிரையில் இருந்ததும் “ஓம் டொக்டர்” மட்டும்தான். டொக்டர் கொஞ்சம் சினந்தும் இருக்கலாம், நூறு பேர் வெளியே நிற்கிறார்கள். ஆனாலும் புது மருந்து ஒன்று எழுதும்போது, “இது எதற்கு, எவ்வளவு காலம், பழையதில் எதை நிறுத்துவது?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம். கூட்டச் சொல்பவர்கள் பலர்; நிறுத்தச் சொல்ல எங்களுக்கும் சில நேரம் நினைவூட்டல் வேண்டும்.

அந்த ஆசிரியை இப்போதும் கிளினிக்குக்கு வருகிறார். மருந்துப் பக்கத்துக்கு உறை போட்டு, அடிமட்டத்தால் கோடு கீறி வைத்திருக்கிறார். சென்ற மாதம் என் எழுத்து விளங்கவில்லை என்று திருப்பித் தந்தார். திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு, நானும் எங்கள் பாடசாலையின் பழைய மாணவியரான இரண்டு மருந்தாளர்களும் நூலகத்தில் இருப்போம். செயலாளர் அக்கா அழைப்பிதழில் எழுதியிருந்தபடி மருந்துப் பையைக் கொண்டுவந்தவர்கள், மூத்தவர்கள் முதலில், ஒவ்வொருவராக வாருங்கள். கொப்பியும் பேனையும் அங்கே இருக்கின்றன. வெளிநாட்டுப் போத்தல்களை வெட்கப்படாமல் வெளியே எடுங்கள்.